ஒரே பிரதியில் ஐந்து கேம் சர்வர்: ஓவர்லே எஃப்எஸ் எப்படி?

ஒரே கேமுக்கு ஐந்து சர்வர் என்றால், 30 ஜிபி கோப்புகள் ஐந்து முறை வட்டில் உட்கார்ந்து 150 ஜிபியை விழுங்கும். மேப், டெக்ஸ்சர், பைனரி எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். வேறுபடுவது கான்ஃபிக், பிளகின், லாக் மட்டுமே. இதற்கு லினக்ஸ் கெர்னல் 3.18 முதல் கூடவே வரும் ஓவர்லே எஃப்எஸ் (ஒரு கோப்புறைமேல் இன்னொன்றை அடுக்கி ஒன்றாகக் காட்டும் ஃபைல் சிஸ்டம்) நன்றாகக் கைகொடுக்கிறது.

ஸ்டீமின் கட்டளைவரிக் கருவியான ஸ்டீம்சிஎம்டியில் ஒரு அடிப்படைப் பிரதியை இறக்கி, அதை லோயர்டிர் (எழுதப்படாத கீழடுக்கு) ஆக்க வேண்டும். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு அப்பர்டிர் (மாற்றங்கள் சேரும் மேலடுக்கு), ஓவர்லேயின் உள்வேலைக்குக் காலியான ஒரு வொர்க்டிர். இவ்விரண்டும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இல்லாவிட்டால் மவுன்ட் ஆகாது, அதாவது அடுக்குகள் ஒரே கோப்புறையாக இணையாது. சர்வர் எழுதுவதெல்லாம் அதனதன் அப்பர்டிரில் சேரும்.

அப்டேட்டில்தான் தலைவலி. மவுன்ட் ஆகியிருக்கும்போது அடிப்படைப் பிரதியைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எல்லா சர்வரையும் நிறுத்தி, அன்மவுன்ட் செய்து, புதுப்பித்த பிறகே மீண்டும் மவுன்ட். சோம்பேறித்தனமாக மவுன்ட்டுக்குள்ளேயே அப்டேட்டை ஓடவிட்டால், 2 ஜிபி கோப்பில் ஒரு பைட் மாறினாலும் முழு 2 ஜிபியும் அப்பர்டிருக்கு நகலாகும். மிச்சம் பிடித்த இடம் போவதோடு, அந்த நகல் பின்னாளில் வரும் புதிய கோப்பை மறைத்துக்கொண்டு நிற்கும். பதிப்பு ஒவ்வாமல் சர்வர் கிளம்ப மறுத்தால் முதலில் பார்க்க வேண்டியது அப்பர்டிரைத்தான்.

ஹார்ட்லிங்க் (ஒரே கோப்புக்குப் பல பெயர்கள்) வேண்டாம்: ஒரு சர்வர் கோப்பைத் திறந்து அதிலேயே எழுதினால் ஐந்திலும் மாறிவிடும். பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டங்கள் தரும் ரீஃப்ளிங்க் (மாற்றும்வரை வட்டிடத்தைப் பகிரும் நகல்) பாதுகாப்பானது, ஆனால் ரேமில் அந்தக் கோப்புகளின் கேஷ் தனித்தனியாகவே இருக்கும். ஓவர்லேயில் அதுவும் பொதுவாகிவிடுகிறது.