எவரெஸ்ட் அடிவார முகாமுக்குத் தனியாக: குழுவோடு போவதா, தனி வழிகாட்டியோடு போவதா?

தனியாக மலையேறும் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் 2023 ஏப்ரல் 1 முதல் விதித்தது. எவரெஸ்ட் அமைந்துள்ள கும்பு பகுதியின் உள்ளாட்சி அமைப்பு மட்டும் தன் எல்லைக்குள் அதை ஏற்கவில்லை. ஆனாலும், 5,364 மீட்டர் உயரத்தில், கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதியே கிடைக்கும் ஓரிடத்துக்கு முதன்முறையாகச் செல்பவர், சட்டம் வற்புறுத்தாவிட்டாலும் வழிகாட்டியோடுதான் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்பின் அறியாதவர்களோடு ஒரு குழுவில் சேர்வதா, தனக்கென ஒரு வழிகாட்டியை அமர்த்துவதா என்பதே கேள்வி.

குழுவில் செலவு குறைவு. வழிகாட்டியின் ஊதியத்தைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். பெரிய குழுக்களில் துணை வழிகாட்டியும் இருப்பதால், ஒருவர் நோயுற்றால் அவரைக் கீழே அழைத்துச் செல்ல ஆள் உண்டு. குறை, பயணத் திட்டத்தில் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. வழக்கமான திட்டத்திலோ 2,610 மீட்டரில் உள்ள பாக்டிங்கிலிருந்து 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜாருக்கு ஒரே நாளில் ஏறிவிடுகிறார்கள். நாம்சேயிலும், அதற்கு மேலே வழியில் உள்ள டிங்போச்சேயிலும் ஒவ்வொரு நாள் ஓய்வு தருகிறார்கள் என்பது உண்மையே. ஆனால், அதற்கு மேல் ஒரு நாள் தேவைப்படும் உடலுக்கு அங்கே இடமில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோயின் தொடக்க அடையாளங்கள். தன் ஒருவனால் பத்துப் பேரின் பயணம் தடைப்படுமோ என்ற கூச்சத்தில் அவற்றை மறைத்து மேலே நடப்பவர்கள் உண்டு. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும் நிலைக்கு அந்த மௌனம் கொண்டுபோய் விடலாம். உடன் வருபவர்கள் நண்பர்களாக இருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்வார்கள். அறிமுகமாகி நான்கு நாளே ஆனவர்களிடம் அதை எதிர்பார்க்க இயலாது.

தனி வழிகாட்டி இருந்தால் அந்தக் கூச்சத்துக்கே இடமில்லை. நாம்சேக்கு முன் 2,835 மீட்டரில் உள்ள மோன்ஜோவில் ஓர் இரவும், டிங்போச்சேக்கும் லோபுச்சேக்கும் இடையே 4,620 மீட்டரில் உள்ள துக்லாவில் ஓர் இரவும் தங்கினால், அதே பாதை உடலுக்குக் கணிசமாக எளிதாகும். டிங்போச்சேக்கு அருகில் உள்ள பெரிச்சேயில், 1973இல் தொடங்கப்பட்ட இமாலய மீட்புச் சங்கம் மலையேற்றப் பருவங்களில் மருத்துவ நிலையம் நடத்துகிறது. அங்கே மருத்துவர்கள் உயர நோய் பற்றி விளக்குவதைக் கேட்கவென்றே அரை நாள் ஒதுக்கலாம். தனிமையை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. மாலையில் எந்த விடுதியிலும் நடுக்கூடத்து அடுப்பைச் சுற்றி எல்லோரும் ஒன்றாகத்தான் அமர்ந்திருப்பார்கள்.

சுமையையும் தூக்கிக்கொண்டு வழியும் காட்டும் ஒரே ஆளை அமர்த்துவது மூன்றாவது வழி, மலிவானது. ஆனால், நீங்கள் நடக்க இயலாமல் போகும் நாளில் உங்களையும் உங்கள் பையையும் அவர் ஒருவரே தாங்க வேண்டும். நான்காயிரம் மீட்டருக்கு மேல் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தனி வழிகாட்டியிலும் ஒரு குறை உண்டு: எல்லாம் ஒரே மனிதரின் தீர்மானத்தைச் சார்ந்திருக்கிறது. ஆகவே முன்பணம் தருவதற்கு முன்பே அவரிடம் பேசிப் பாருங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி வைத்திருக்கிறாரா, திரும்பிவிட வேண்டும் என்று எந்த நிலையில் சொல்வார் என்று கேளுங்கள். தெளிவான விடை வராவிட்டால் அவரை விட்டு, இரண்டு வழிகாட்டிகள் வரும் சிறு குழுவில் சேர்வது மேல்.

எந்த வழியானாலும், 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பை ஏற்கும் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். நடைப்பயணம் தொடங்கும் விமான நிலையமான லுக்லாவில் மேகம் கவிந்தால் விமானம் நாள்கணக்கில் தடைப்படக்கூடும் என்பதால், காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் பயணச்சீட்டை இரண்டு மூன்று நாள் தள்ளியே பதிவு செய்யுங்கள்.