மனிதர் அனுமதித்துச் சுடுவதா, ஆயுதம் தானே சுடுவதா?

எது ஆபத்து குறைவு என்று கேட்டால் பலரும் சட்டென்று முதலாவதைச் சொல்வார்கள். அவ்வளவு சுலபமில்லை.

வேகம்: தானியங்கி நொடியில் முடிவெடுக்கும். மனிதர் தயங்குவார். 1983-இல் மேகத்தில் பட்ட வெயிலை அமெரிக்க ஏவுகணை என்று கணினி சொன்னபோது, சோவியத் அதிகாரி பெட்ரோவ் நம்பவில்லை. நல்லவேளை.

பிழை: தானியங்கியில் ஒரு கோளாறு என்றால், அதே மென்பொருள் உள்ள எல்லாக் கருவியிலும் அது இருக்கும். சரி, மனிதர் இருந்தால் போதுமா? 2003 ஈராக் போரில் பேட்ரியாட் என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று காட்டியது; திரையை நம்பிய அமெரிக்கக் குழு சுட்டது. விமானத்திலிருந்த இருவரும் இறந்தனர்.

பொறுப்பு: மனிதர் அனுமதித்துச் சுட்டால், தவறு நடந்தபின் கேள்வி கேட்க ஓர் ஆளாவது உண்டு.

கப்பலை நோக்கிப் பாயும் ஏவுகணையைத் தடுக்கத் தானியங்கி பொருந்தும். ஆட்கள் நடமாடும் இடத்தில் மனிதர்தான், அதுவும் சந்தேகப்பட அவருக்கு நேரம் இருந்தால்.