வண்டி தொலைந்து எஃப்.ஐ.ஆர். வாங்கிய கதை: எங்கள் ஊர் காவல் நிலையத்துக்கு இரண்டரை நட்சத்திரம்

போன மாதம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த அப்பாவின் பைக் காணாமல் போனது. இரவு எட்டரைக்கு ஸ்டேஷனுக்குப் போனோம். வாசலில் இருந்த பெண் காவலர் அப்பாவை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மனுவில் இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் தவறாமல் எழுதச் சொன்னார். அந்த அக்காவுக்கு முழு மதிப்பெண்.

அப்புறம்தான் இழுத்தடிப்பு. ஸ்டேஷன் ரைட்டர், புகார் வந்ததற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, "ரெண்டு நாள் தேடிப் பாருங்க, கிடைக்கலன்னா எஃப்.ஐ.ஆர். போடலாம்" என்றார். இது தவறு. பைக் திருட்டு போல, வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் பற்றிப் புகார் வந்தால் வழக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013லேயே லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சி.எஸ்.ஆர். வெறும் ரசீதுதான், இன்சூரன்ஸ்காரர்கள் எஃப்.ஐ.ஆரைத்தான் கேட்பார்கள். நான்கு நாள் அலைந்து, மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் பதிவு செய்தார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவில் அப்படி எஸ்.பி.க்கு அனுப்ப வழி இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

பேரூராட்சியையும் சொல்ல வேண்டும். வண்டி போன இடத்தில் தெருவிளக்கு மாதக்கணக்கில் எரியவில்லை. கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டு செயல் அலுவலருக்கு எழுதிக் கொடுத்தேன், மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது. பைக் இன்னும் கிடைக்கவில்லை.