ஏபிஐ இல்லாத தளத்திலிருந்து புள்ளிவிவரம்: எந்த வழி நல்லது?

ஓர் இணையப் பக்கத்தில் எண்கள் கண்ணெதிரே இருக்கின்றன. நிரல்கள் நேரடியாகத் தரவைக் கேட்டு வாங்கும் வழியான ஏபிஐ கிடையாது, தரவிறக்கப் பொத்தானும் கிடையாது. உடனே பலரும், உலாவியை நிரலால் இயக்கும் செலினியத்தை நிறுவப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாக எடுக்க வேண்டிய ஆயுதம்.

எண்கள் சாதாரண எச்டிஎம்எல் (இணையப் பக்கத்தை எழுதும் குறிமொழி) அட்டவணையில் இருந்தால் வேலை சுலபம். கூகுள் ஷீட்ஸின் இம்போர்ட்எச்டிஎம்எல் சூத்திரத்துக்கு முகவரியையும், எத்தனையாவது அட்டவணை என்பதையும் கொடுத்தால் போதும். ஆனால் நாளை தளத்தில் இன்னொரு அட்டவணையை மேலே சேர்த்துவிட்டால், சத்தமே இல்லாமல் வேறு எண்கள் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் தொடர்ந்து எடுக்கும் தரவுக்கு நான் பைத்தான் நிரல்மொழியின் தரவு நூலகமான பாண்டாஸைத்தான் சொல்வேன். அதிலுள்ள ரீட்_எச்டிஎம்எல், பக்கத்தின் எல்லா அட்டவணைகளையும் ஒரே வரியில் எடுத்துத் தரும். தலைப்பு வரிசை மாறியிருக்கிறதா என்று நிரலிலேயே சோதிக்கலாம்.

பாண்டாஸில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால், காற்புள்ளிதான் ஆயிரத்தைப் பிரிக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும். ஜெர்மன் தளங்களில் அந்த வேலையைச் செய்வது புள்ளி. அங்கே 1.234 என்றால் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு. பாண்டாஸுக்கோ அது ஒன்றேகாலைக்கூடத் தொடாத எண். பிழைச்செய்தி எதுவும் வராது. 007 போன்ற பகுதிக் குறியீடும் இப்படித்தான் வெறும் 7 ஆகிவிடும்.

சரி, பக்கத்தின் மூலநிரலில் எண்களே இல்லையென்றால்? உலாவியில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றிப் பாருங்கள். வரைபடத்துக்கு எண்களைக் கொண்டுவரும் ஜேசன் கோப்பு (நிரல்கள் படிக்க வசதியாகத் தரவை அடுக்கியது) பெரும்பாலும் அங்கேயே தென்படும். எனக்குப் பிடித்த வழி இதுதான். திரையில் 12.4 எனச் சுருங்கியிருப்பது அங்கே சுருக்காமல் எல்லா இலக்கங்களோடும் இருக்கக்கூடும். முகவரியில் ஆண்டை மாற்றினால் முந்தைய ஆண்டுகளும் கிடைக்கலாம். அறிவிப்பில்லாமல் அந்த ஜேசன் மாறிவிடலாம் என்பது உண்மைதான். பக்க வடிவமைப்பும் அப்படித்தானே மாறுகிறது! எச்டிஎம்எல்லைப் பிரித்துப் படிக்கும் பைத்தான் நூலகமான பியூட்டிஃபுல் சூப்பில் எழுதிய நிரல், பக்கத்தின் ஓர் உறுப்புக்கு இட்ட கிளாஸ் பெயர் மாறினாலே நின்றுவிடும்.

ஜேசனும் சிக்காதபோது, செலினியம்போலவே உலாவியை இயக்கும் ப்ளேரைட். முழு உலாவியையே ஓட்டுவதால் மெதுவானது, நினைவகத்தையும் தின்னும். ஆனால் பொத்தான் தயாராகும்வரை தானே காத்திருந்து அழுத்தும். செலினியத்தில் அந்தக் காத்திருப்பைப் பெரும்பாலும் நாமே எழுத வேண்டும்.

பிடிஎஃப் என்றால், அதன் அட்டவணைகளைப் பிரித்தெடுக்கும் டேபுலா. ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு அது உதவாது, படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் ஓசிஆர் வேண்டும்.

எந்த வழியானாலும் முதலில், தானியங்கி நிரல்கள் எதைத் தொடலாம் என்று தளம் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பைப் படியுங்கள். கோரிக்கைகளுக்கு நடுவே சில விநாடி இடைவெளி விடுங்கள். 429 என்ற பிழைக்குறி வந்தால் நிறுத்திவிடுங்கள், வேகம் அதிகம் என்று சர்வர் சொல்கிறது. அப்புறம், எடுத்த மூலப் பக்கத்தைத் தேதியிட்டுச் சேமியுங்கள். புள்ளிவிவரத் துறைகள் பழைய மதிப்பீடுகளைத் திருத்துவது வழக்கம். திருத்தியபின் முந்தைய எண்ணைத் தளத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம்.