கோவையில் இளம் கால்பந்து வீரர்களுக்கான கால்வலுப் பயிற்சி: 12 வார அனுபவம்

சூலூரில் பள்ளி அணிக்காக ஆடும் என் மகனுக்கு வயது 13. ஓட்டத்தில் அவனுக்குக் குறையில்லை. ஆனால், எதிரணிப் பையன் தோளால் லேசாக இடித்தாலே தடுமாறி விழுந்துவிடுவான். வலக்காலால் பந்தை உதைக்கும்போது ஊன்றியிருக்கும் இடக்கால் நடுங்குவதை மைதானத்து ஓரத்தில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் அவிநாசி சாலையில் உள்ள ஒரு பயிற்சி மையத்தின் 12 வார வகுப்பில் அவனைச் சேர்த்தேன். வாரத்தில் இரண்டு மாலைகள், ஒரு மணி நேரம். கட்டணம் 7,500 ரூபாய்.

சேர்ப்பதற்கு முன்பே வீட்டில் தடை எழுந்தது. "ஏனுங்க மாப்ளே, வளர்ற பையன எடை தூக்கச் சொன்னா குட்டையாப் போயிருவானுங்களே" என்று அவனுடைய அம்மிச்சி கவலைப்பட்டார். இந்த அச்சம் நம் பக்கத்துப் பெற்றோர் பலருக்கும் உண்டு. தகுந்த மேற்பார்வையில், உடலுக்கேற்ற அளவில் செய்யும் வலுப்பயிற்சி குழந்தைகளின் வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே தெளிவுபடுத்தியிருக்கிறது. பருவமடைவதற்கு முந்தைய வயதில் தசை பெரிதாகப் பருப்பதில்லை. நரம்புகள் தசைகளை ஒருங்கே இயக்கக் கற்றுக்கொள்வதால்தான் பெரும்பாலும் வலு கூடுகிறது. இந்த மையத்திலும் முதல் நான்கு வாரங்கள் எடைக்கட்டைகளைத் தொடவே விடவில்லை. அம்மிச்சி ஒரு நாள் நேரில் வந்து பார்த்துவிட்டு, இது தோப்புக்கரணம்தானே என்று நிம்மதியடைந்தார்.

முதல் நாள், தரையில் மூன்று கிளைகளாக ஒட்டிய நாடாவின் நடுவே வெறுங்காலுடன் ஒற்றைக்காலில் நிற்கவைத்து, மற்றக் காலை எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது என்று அளந்தார்கள். வலக்காலில் நின்றபோது முன்பக்கம் 64 செ.மீ. எட்டியவன், இடக்காலில் நின்றபோது 58 செ.மீ. மட்டுமே எட்டினான். கணுக்கால் துடித்தது, கால்விரல்கள் தரையைக் கவ்வின. நான் மைதானத்தில் கண்ட நடுக்கத்தை ஓர் அளவுநாடா எண்ணாகக் காட்டியது.

பயிற்சியில் என்னை மிகவும் கவர்ந்தது, குதிக்கக் கற்பிப்பதற்கு முன்பே இறங்கக் கற்பித்த முறை. முழங்கால் உயரத்துக்கும் குறைவான பெட்டியிலிருந்து இறங்கும்போது, "சத்தம் கேக்கக் கூடாது தம்பி" என்பார் பயிற்சியாளர். இடுப்பும் முழங்காலும் மடங்கி அதிர்ச்சியை வாங்கினால் ஓசை வராது. முழங்கால் உட்பக்கம் சாய்ந்தால் அங்குள்ள தசைநார் கிழியும் அபாயம் கூடும். மண்டியிட்டு, கணுக்காலை இன்னொருவன் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னே சாய்க்கும் நார்டிக் பயிற்சியும் உண்டு. ஓட்டத்தில் காலை நிறுத்தும் பின்தொடைத் தசைக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை. முதல் வாரம் பொத்தென்று விழுந்தவன், பத்தாம் வாரத்தில் பாதித் தூரம்வரை தன்னைத் தாங்கிக்கொண்டான். காயங்களைத் தவிர்க்க ஆட்டத்துக்கு முன் செய்யும் ஃபிஃபா 11+ என்னும் 20 நிமிட முன்தயாரிப்பிலும் இது இடம்பெறுகிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் அந்த முன்தயாரிப்பைப் பின்பற்றியபோது, மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

குறையையும் சொல்லியாக வேண்டும். ஏழாவது வாரத்தில், 22 பிள்ளைகளுக்கும் ஒரே கணக்காகக் குதிப்புகளை உயர்த்திவிட்டார்கள். ஓராண்டில் வேகமாக உயரம் கூடிய என் மகனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலி கண்டது. பழகினால் சரியாகிவிடும் என்று பயிற்சியாளர் சொன்னதை ஏற்காமல் மருத்துவரிடம் காட்டினேன். எலும்பு வேகமாக நீளும் வயதில், முன்தொடைத் தசையின் நாண் ஒட்டும் இடத்தை ஓயாமல் இழுப்பதால் வரும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்றார் அவர். அதன் பிறகு குதிப்பை நிறுத்தி, சுவரில் சாய்ந்து அமரும் பயிற்சியைக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் வலி தணிந்தது. முதல் நாளே உயரத்தையும் வளரும் வேகத்தையும் கேட்டுக் குறித்திருந்தால் இந்த வலியைத் தவிர்த்திருக்கலாம். உதவியாளர் ஒருவர்கூட இல்லாமல் 22 பேரை ஒருவரே கவனிப்பது இந்த வயதினருக்குப் போதாது.

இறுதி வாரத்தில் மறுபடி அளந்தபோது இடக்காலில் நின்று 63 செ.மீ., வலக்காலில் நின்று 65 செ.மீ. எட்டினான், கால்களுக்கு இடையிலான வேறுபாடு 2 செ.மீ. ஆகக் குறைந்திருந்தது. சென்ற ஞாயிறு நடந்த ஆட்டத்தில் இரண்டு முறை இடிபட்டும் பந்தை விடாமல் ஓடினான். அடுத்த சுற்றுக்கும் அனுப்ப விரும்புகிறேன். ஒரு பயிற்சியாளருக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்று மையத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.