டிரக் ஸ்டாப்பா, ரெஸ்ட் ஏரியாவா: ஆர்வியை இரவு எங்கே நிறுத்துவது?

பள்ளி விடுமுறை வந்தால் டாலஸ் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் சிலர் ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிவறையோடு கூடிய வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். போகவே ஏறக்குறைய ஆயிரம் மைல். அரிசி, குக்கர், புளிக்காய்ச்சல், தயிர் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறோம். கேன்யனில் தங்கும் இடத்துக்கு ஆறு மாதம் முன்பே பதிவு செய்கிறோம். முதல் நாள் இரவு எங்கே படுப்பது என்று கேட்டால் மட்டும் "வழியில எங்கயாவது நிறுத்திக்கலாம்" என்பதுதான் பதில். இந்தக் கட்டுரை அந்த 'எங்கயாவது' பற்றியது.

நெடுஞ்சாலையில் கண்ணுக்குப் படுவது இரண்டு இடங்கள். ஒன்று லவ்ஸ், பைலட், ஃப்ளையிங் ஜே, டிஏ மாதிரியான டிரக் ஸ்டாப். இன்னொன்று மாநில அரசு நடத்தும் ரெஸ்ட் ஏரியா. இரண்டிலும் பெரிய மைதானம், கழிவறை, வெளிச்சம், வரிசையாக லாரிகள். அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டும் தனித்தனியாக இருப்பதற்கே ஒரு சட்டம் காரணம். மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கான பெரிய சட்டம் 1956இல் வந்தது. அந்தச் சாலை எல்லைக்குள் 1960க்குப் பிறகு அமைத்த ரெஸ்ட் ஏரியாக்களில் வியாபாரம் கூடாது என்பது மத்திய அரசின் விதி. அதனால்தான் அங்கே சாப்பாட்டுக் கடை, டீசல் பம்ப் எதுவும் இருக்காது. காசு போட்டால் சிப்ஸ் தரும் இயந்திரம் இருந்தால் உண்டு. வியாபாரம் முழுக்க எக்ஸிட் எடுத்து வெளியே வந்தால் இருக்கும் டிரக் ஸ்டாப்பில். ஆக, ரெஸ்ட் ஏரியா வரிப்பணத்தில் நடப்பது, யார் வேண்டுமானாலும் களைப்பாறலாம். டிரக் ஸ்டாப் தனியார் இடம், அவர்களுக்குச் சோறு போடுவது லாரி ஓட்டுநர்கள்.

ஓட்டுநரின் கடிகாரம்

ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் எந்த நாகரிகத்தைப் பேசினாலும் வெறும் விதிப் பட்டியலாகத்தான் போகும்.

அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுபவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் வண்டியை எடுக்கலாம். வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரம் அவருக்குக் கணக்கு. அதற்குள் ஓட்டக்கூடியது 11 மணி நேரம். சரக்கு இறக்கும் இடத்தில் மூன்று மணி நேரம் காக்க வைத்தாலும் பொதுவாக அந்த 14 ஓடிக்கொண்டேதான் இருக்கும். முன்பு காகிதத்தில் எழுதினார்கள், கொஞ்சம் முன்னே பின்னே எழுத முடிந்தது. 2017 டிசம்பரில் மின்னணுக் கருவி கட்டாயமாகி, சில ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லா நெடுந்தூர லாரிக்கும் வந்துவிட்டது. இப்போது சக்கரம் உருண்டாலே பதிவாகிறது. சில விலக்குகள் உண்டு. ஆனால் "அடுத்த ஊர் வரைக்கும் போய்ப் பார்ப்போம்" என்கிற சுதந்திரம் அவருக்குக் கிடையாது. நமக்கு உண்டு.

இடமோ குறைவு. மத்திய நெடுஞ்சாலைத் துறை 2019இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுக்க லாரி நிறுத்த இருந்த இடங்கள் சுமார் 3,13,000. அதில் 2,73,000 தனியார் டிரக் ஸ்டாப்களில், வெறும் 40,000 அரசு ரெஸ்ட் ஏரியாக்களில். பாதுகாப்பான இடம் கிடைப்பதில் சிக்கல் உண்டு என்று சொன்ன ஓட்டுநர்கள் 98 விழுக்காடு. அந்தக் கணக்கெடுப்புக்குக் காரணமே ஒரு மரணம். 2009 மார்ச்சில் சரக்கை இறக்க நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட ஓர் ஓட்டுநர், நிறுத்த வேறு இடமில்லாமல் தென் கரோலினாவில் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் பங்கில் லாரியை ஓரங்கட்டித் தூங்கினார். கொள்ளைக்காரன் சுட்டுக் கொன்றான். அவர் பெயரிலேயே 2012இல் வந்ததுதான் ஜேசன் சட்டம். இரவில் நாம் பிடிக்கும் ஓர் இடத்துக்கு இவ்வளவு எடை இருக்கிறது.

டிரக் ஸ்டாப்

வசதி என்று பார்த்தால் டிரக் ஸ்டாப்புக்கு ஈடில்லை. விடிய விடிய ஆள் நடமாட்டம், வெளிச்சம், கேமரா, சூடான காபி. பல இடங்களில் புரொப்பேன், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன். காசு கட்டினால் குளியலறை. பெண்கள், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த வெளிச்சமே பாதித் தைரியம். அயோவாவில் வால்காட் ஊரில் ஐ-80 இன்டர்ஸ்டேட் ஓரம் இருக்கும் டிரக் ஸ்டாப்தான் உலகிலேயே பெரியது என்கிறார்கள். அங்கே லாரிகளுக்கு மட்டும் ஏறக்குறைய 900 இடங்கள். ஆனால் வழியில் நமக்கு அகப்படுவது அப்படிப்பட்ட கடல் இல்லை, எழுபது எண்பது லாரி நிற்கும் குளம்.

என் முதல் பயணத்தில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மாலை ஏழு மணிக்கு ஒரு டிரக் ஸ்டாப்பில் நுழைந்தேன். 28 அடி ஆர்வி. பின்னால் எடுத்து நிறுத்தத் தைரியமில்லை. நேராக உள்ளே போய் நேராக வெளியே வரும் நீள இடம் ஒன்று காலியாக இருந்தது, நிறுத்திவிட்டேன். அது 53 அடி டிரெய்லரும் இழுக்கும் வண்டியும் சேர்ந்து எழுபது அடிக்கு மேல் போகும் லாரிக்கான இடம். பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஒரு லாரி மெதுவாக வரிசை வரிசையாகச் சுற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்று சுற்று. எங்கள் வண்டிக்கு முன்னால் ஒரு கணம் நின்றது. பிறகு வெளியே போய் நெடுஞ்சாலைக்கு ஏறும் ராம்ப்பின் ஓரத்தில் விளக்கை அணைத்து நின்றது. எங்களுக்குப் பின்னால் நாற்பது அடி காலியாகக் கிடந்தது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் டிரக் ஸ்டாப்பில் முதல் மரியாதை எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதுதான். ஆர்வி என்று எழுதிய இடம் இருந்தால் அங்கே. இல்லையென்றால் கார் பகுதியின் ஓரம், அதுவும் உள்ளே போய்க் கேட்ட பிறகு. எரிபொருள் கவுன்டரில் இருப்பவருக்கு எது நிரம்பும், எது நிரம்பாது என்று தெரியும். "பின்பக்க வேலியோரம் போய் நில்லுங்க" என்று ஒரு மூலையைக் காட்டுவார். இடமில்லை என்றால் இல்லைதான், வாதாடக் கூடாது. லவ்ஸ் நிறுவனம் பல ஊர்களில் ஆர்விக்கென்றே மின் இணைப்போடு கட்டண இடங்கள் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடம் கிடைத்தால் கூச்சமே வேண்டாம், நிம்மதியாகத் தூங்கலாம்.

நின்ற பிறகு விரிக்கக் கூடாது. சுவரை வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் ஸ்லைட்-அவுட்டைத் திறந்தால் பக்கத்து இடத்தில் இரண்டு மூன்று அடியைத் தின்றுவிடும். லாரி திரும்பும்போது டிரெய்லரின் வால் எவ்வளவு வீசும் என்று ஒருமுறை பார்த்தவர்கள் அதைத் திறக்கவே மாட்டார்கள். வண்டியைச் சமப்படுத்தும் ஜாக்கியை இறக்கினால் வெயிலில் இளகிய தார்த் தரையில் குழி விழும். நிழல் துணி, மடக்கு நாற்காலி, கிரில் எதுவும் வெளியே வரக்கூடாது.

உள்ளே திரும்பும்போது முகப்பு விளக்கைத் தணியுங்கள். லாரியின் தலைப்பகுதிக்குப் பின்னால் திரைபோட்ட ஒரு படுக்கை இருக்கிறது, அதில் ஒரு மனிதர் உறங்கிக்கொண்டிருக்கலாம். பகல் முழுக்க உறங்கி இரவில் ஓட்டுகிறவர்களும் உண்டு, ஆகவே மாலை ஐந்து மணி என்பதால் சத்தம் போடலாம் என்றில்லை. குழந்தைகளை லாரிகளுக்கு நடுவே ஓடவிடவே கூடாது. அவ்வளவு உயரத்தில் இருந்து கீழே மூன்றடிப் பிள்ளை அவருக்குத் தெரியாது.

பம்ப் பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. லாரி வரிசை டீசலுக்கு மட்டும், அதிலும் வேகமாகக் கொட்டும் பெரிய மூக்கு. நாம் வாடகைக்கு எடுக்கும் ஆர்வி பெரும்பாலும் பெட்ரோலில் ஓடுவது, இந்த ஊர்ப் பேச்சில் 'கேஸ்'. எனவே அந்த வரிசையில் நமக்கு வேலையே இல்லை. எந்த வரிசையானாலும் நிரப்பியதும் வண்டியை முன்னால் நகர்த்திவிட்டுத்தான் காபி வாங்கப் போக வேண்டும்.

ரெஸ்ட் ஏரியா

இங்கே இலவசம், அமைதி, மரம், மேசை. டெக்சஸில் சில ரெஸ்ட் ஏரியாக்கள் உண்மையிலேயே அழகு. அமரில்லோவுக்குக் கிழக்கே ஐ-40இல் பழைய ரூட் 66 பாணியில் கட்டியது ஒன்று இருக்கிறது. சூறாவளி வந்தால் ஒதுங்க உறுதியான அறையும் அதில் உண்டு. அந்தச் சமவெளியில் வசந்த கால இரவைக் கழித்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இங்கே சிக்கல் கடிகாரம். மாநிலத்துக்கு மாநிலம் நேர வரம்பு மாறுகிறது. டெக்சஸில் 24 மணி நேரம் வரை இருக்கலாம், கூடாரம் மட்டும் அடிக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில், வாஷிங்டன் மாநிலத்தில் 8 மணி நேரம். ஃப்ளோரிடாவில் நம் மாதிரி வண்டிகளுக்கு 3 மணி நேரம்தான், அது குட்டித் தூக்கத்துக்குக் காணும், ராத்தங்கலுக்குக் காணாது. நுழைவிலோ கட்டிடச் சுவரிலோ பலகை இருக்கும். அதைப் படித்துவிட்டுப் படுங்கள். இரவு இரண்டு மணிக்குப் போலீஸ்காரர் கதவைத் தட்டினால் பிள்ளைகள் பயந்துபோவார்கள்.

இன்னொரு தர்மசங்கடம். பல ரெஸ்ட் ஏரியாக்களில் பாதை பிரியும் இடத்திலேயே "கார்கள் இந்தப் பக்கம், லாரி, பஸ், ஆர்வி அந்தப் பக்கம்" என்று பலகை இருக்கும். அதாவது அரசே நம்மை லாரி இடத்துக்கு அனுப்புகிறது. உரிமை இருக்கிறது என்பதால் நீள இடத்தின் நடுவில் நிற்க வேண்டியதில்லை. நாட்டில் இருக்கும் அந்த 40,000இல் ஒன்று அது. இருப்பதில் குட்டையான இடம், மூலை, லாரி திரும்ப முடியாத ஓரம் எதுவென்று ஒரு சுற்று போய்ப் பாருங்கள். இன்னும் ஒரு ஆர்வி வந்தால் இரண்டும் ஒரே நீள இடத்தில் முன்னும் பின்னுமாக நின்றுகொள்ளலாம், பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் போனால் எப்படியும் அந்தப் பகுதி நிரம்பியிருக்கும்.

நம் வீட்டாருக்கென்று இரண்டு சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர் நம் ஊரில் வாழைக்குப் போகும். இங்கே ஆர்வியின் தொட்டியில் சேரும் அந்தத் தண்ணீரைத் தரையில் திறந்துவிடுவது குற்றம். சோறும் பருப்பும் கலந்த அது அடுத்த நாள் வெயிலில் நாறவும் செய்யும். அதேபோலக் குக்கரைக் கழிவறைத் தொட்டியில் கொண்டுபோய்க் கழுவாதீர்கள். காலையில் சோற்றுப் பருக்கையால் அடைத்த குழாயைக் கையால் நோண்டுவது அங்கே வேலை பார்க்கும் ஒரு வயதான ஆள். அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஜெனரேட்டர் விஷயத்தில் இரண்டு இடத்துக்கும் ஒரே பதில்தான்: படுக்கும்போது அணைத்துவிடுங்கள். பக்கத்தில் குளிர்பதன லாரி இரவெல்லாம் உறுமுகிறதே என்று வாதம் வரும். அது உள்ளே இருக்கும் பாலும் இறைச்சியும் கெடாமல் இருக்க ஓடுகிறது. நமக்கு ஏசி. நெருக்கமாக நிற்கும் வண்டிகளுக்கு நடுவே புகை தேங்கினால் கார்பன் மோனாக்சைடு அடுத்தவர் ஜன்னலுக்குள் போகும், நம்முடையதற்குள்ளும் வரும். அதைக் கண்டுபிடிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே அழுத்திப் பாருங்கள். நம் தாளிப்புக்குப் புகை அலாரம் அலறுகிறது என்று பேட்டரியைக் கழற்றி வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

இரண்டும் வேண்டாமென்றால்

வால்மார்ட்டில் சில கடைகள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. மேலாளர்தான் முடிவு செய்வார், சில நகரங்களில் ஊர்ச் சட்டமே தடுக்கும். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். கிராக்கர் பேரல் உணவகங்கள் பலவற்றில் பக்கவாட்டிலோ பின்பக்கமோ பஸ், ஆர்விக்கான நீள இடம் இருக்கும், கேட்டால் ஓர் இரவு பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இந்த இரண்டிலும் நாம் நிற்பதால் எந்த ஓட்டுநரும் படுக்கையை இழப்பது அரிது, எனக்குப் பிடித்த காரணம் அதுதான். கேஓஏ மாதிரி முகாம்களில் நாற்பது ஐம்பது டாலரிலிருந்து ஆரம்பிக்கும். மின்சாரம், தண்ணீர், குளியல் எல்லாம் உண்டு, ஸ்லைட்-அவுட்டைத் தாராளமாகத் திறக்கலாம். இரவு பத்துக்குப் போய்க் காலை ஆறுக்குக் கிளம்புகிறவருக்கு அது வீண் செலவு என்பதை மறுக்க மாட்டேன்.

என் கணக்கு இப்படி. டிரக் ஸ்டாப்புக்குச் சாயங்காலம் நாலு மணி வாக்கில் போகிறேன். பெட்ரோல், புரொப்பேன், டம்ப், பிள்ளைகளுக்குக் கழிவறை, ஒரு காபி. ஐ-40இல் சில இடங்களில் பஞ்சாபி ஓட்டுநர்களுக்காக வந்த தாபாக்கள் இருக்கின்றன, அங்கே சூடாக ரொட்டியும் பருப்பும் கிடைக்கும். அங்கிருந்தே போன் போட்டு வழியில் இருக்கும் கிராக்கர் பேரலில் கேட்கிறேன். சரி என்றால் இரவுச் சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. இல்லையென்றால் டெக்சஸுக்குள் இருக்கும்வரை ரெஸ்ட் ஏரியா, எட்டு மணிக்கு முன்பாக, மூலை இடம். நேர வரம்பு குறைந்த மாநிலம் என்றால் காசு கொடுத்து முகாம். டிரக் ஸ்டாப்பில் படுப்பது ஆர்வி இடமோ கட்டண இடமோ இருந்தால் மட்டும்.

கண் சொருகி இனி ஓட்ட முடியாது என்கிற நிலை வந்தால் இந்தக் கணக்கெல்லாம் பிறகு. எது முதலில் வருகிறதோ அதில் நிறுத்துங்கள், உள்ளே போய்ச் சொல்லுங்கள், இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து இடத்தைக் காலி செய்யுங்கள். நாம் கிளம்பும் அந்த நேரத்தில், நள்ளிரவு ஒன்றோ இரண்டோ, ஒரு லாரி நிச்சயம் சுற்றிக்கொண்டிருக்கும். விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டால் அவருக்குப் புரிந்துவிடும்.