சம்பந்திக்கு அட்டை இல்லாத ஸ்பானிஷ் பெட்டி

தஞ்சாவூரில் மொழி வகுப்பு நடத்தும் ஒரு மையம், தன் மாணவர்களுக்காக அச்சடித்த ஸ்பானிஷ் உறவுச்சொல் பெட்டியை வெளியாட்களுக்கும் விற்கிறது. விலை 480 ரூபாய். உள்ளே 60 சொல் அட்டைகள், 18 வாக்கிய அட்டைகள், 6 வெற்று அட்டைகள், 32 பக்கத்தில் ஒரு பயிற்சிப் புத்தகம், உச்சரிப்பு கேட்க ஒரு கியூஆர் கோடு. பெரிய கோவில், தாராசுரம் பக்கம் வழிகாட்டி வேலை பார்ப்பவர்களும், சுவாமிமலைச் சிற்பக்கூடங்களில் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேச வேண்டியவர்களும், ஏ1 என்கிற தொடக்கநிலைத் தேர்வுக்குப் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளும் வாங்குகிறார்கள்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் பிரித்த அன்றைக்கே ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஸ்பானிஷ் சொற்களில் தப்பு அதிகம் இல்லை, தமிழ்ப் பக்கம்தான் தகராறு. ஆங்கில உறவுப் பட்டியல் ஒன்றை முன்னால் வைத்து, அதில் உள்ளதற்கெல்லாம் தமிழும் ஸ்பானிஷும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இல்லாத உறவு பெட்டியிலும் இல்லை.

சம்பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டாரை ஒரே சொல்லில் கூப்பிட ஆங்கிலத்தில் வழி கிடையாது. ஸ்பானிஷில் உண்டு: ஆணுக்குக் கோன்சுவேக்ரோ, பெண்ணுக்குக் கோன்சுவேக்ரா. மாமனாருக்கு சுவேக்ரோ, மாமியாருக்கு சுவேக்ரா என்று தெரிந்துவிட்டால், முன்னால் ஒரு ‘கோன்’ சேர்த்தால் சம்பந்தி வந்துவிடுவார். சகலையும் அப்படித்தான். மச்சினன் குஞாதோ, சகலை கோன்குஞாதோ. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள், அதாவது ஓர்ப்படிகள், ஒருவருக்கொருவர் கோன்குஞாதா. மெக்சிகோவில் இதைச் சுருக்கிக் கோன்குஞோ, கோன்குஞா என்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: தமிழில் சகலை என்றால் அக்கா தங்கையைக் கட்டியவர்கள் மட்டும். கோன்குஞாதோ அதைவிட அகலம். அண்ணியின் அண்ணனையும் சில ஊர்களில் அப்படியே சொல்வார்கள்.

தமிழனுக்கு ஒரு நொடியில் மனதில் ஒட்டக்கூடிய சொற்கள் இவை. பெட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை வகைக்கு மட்டும் ஆறு அட்டைகள் இருக்கின்றன.

அடுத்த கோளாறு அண்ணன் தம்பி. அட்டையின் ஒரு பக்கம் எர்மானோ, மறுபக்கம் ‘சகோதரன்’. வீட்டில் யாரும் சகோதரன் என்று பேசுவதில்லை. ‘அண்ணன்’ என்று மனதில் நினைத்துக்கொண்டு சொல் தேடுகிறவருக்கு இந்த அட்டை கை கொடுக்காது. அண்ணன் எர்மானோ மயோர், தம்பி எர்மானோ மெனோர், அக்கா எர்மானா மயோர், தங்கை எர்மானா மெனோர். மயோரும் மெனோரும் ஆண்பால் பெண்பாலுக்கு மாறாது. ‘மயோரா’ என்று ஒரு சொல்லை நாமே உண்டாக்கிவிடக் கூடாது. பேச்சில் ஸ்பானியர் மூத்தவரா இளையவரா என்று சொல்லாமலே விடுவார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். நமக்கு அது தெரியாமல் பேச்சு ஓடாது என்பதால் அட்டையின் தமிழ்ப் பக்கத்தில் நாலு சொல்லையும் எழுதிக்கொள்வது நல்லது.

தியோ அட்டையில் ‘மாமா’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை புருஷன், சித்தி புருஷன் அத்தனை பேரும் தியோதான். வழி காட்டியே ஆக வேண்டுமென்றால் அம்மா வழிக்கு மத்தேர்னோ, அப்பா வழிக்குப் பத்தேர்னோ சேர்க்கலாம்: தாய்மாமன் தியோ மத்தேர்னோ, அத்தை தியா பத்தேர்னா. அம்மாச்சிக்கு அபுவேலா மத்தேர்னா, அப்பாயிக்கு அபுவேலா பத்தேர்னா. பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஸ்பானிஷில் ஒரே ப்ரிமாதான். முறைப்பெண்ணா தங்கச்சி முறையா என்பதை அந்தச் சொல் சொல்லாது. அட்டையில் ‘ஒன்றுவிட்ட சகோதரி’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தால், கேட்டுப் பழகியவர்களே சிரிப்பார்கள்.

வழிகாட்டிகளுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை தேவை, பெட்டியில் அது இல்லை. நம் ஊரில் வயதானவரை மாமா என்று கூப்பிடுவது மரியாதை. அதே நினைப்பில் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு பெரியவரைத் தியோ என்று கூப்பிட்டால், ‘மச்சி’ என்று கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். அங்கே இளைஞர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். ஐயாவுக்குச் செஞோர், அம்மாவுக்குச் செஞோரா போதும். குஞாதோவுக்கும் ஸ்பெயின் பேச்சுவழக்கில் ஒரு கிண்டல் பொருள் உண்டு: எல்லாம் தெரிந்த மாதிரி அளக்கிற ஆள்.

உச்சரிப்புக்கு வருவோம். தமிழ் எழுத்தில் ஸ்பானிஷை எழுதிக் காட்டியது நல்ல யோசனை. எழுதியவர் ஆங்கிலக் காதால் கேட்டு எழுதியிருக்கிறார், அதனால் வந்த பிழைகள்தான் அதிகம். தியோவை ‘டியோ’ என்றும் நியேத்தோவை ‘நியேடோ’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். ஸ்பானிஷின் அந்த ஒலி நாக்கு பல்லைத் தொட்டு வரும் நம் ‘த’. சொல்லின் நடுவில் வல்லினமாகவே வர வேண்டுமென்றால் ‘த்த’ என்று இரட்டிக்க வேண்டும்: பேரன் நியேத்தோ, பேத்தி நியேத்தா. ஒற்றைத் ‘த’ போட்டால் ‘அது’ என்பதில் வருகிற மெல்லொலி வந்துவிடும். அந்த மெல்லொலிக்கும் ஸ்பானிஷில் வேலை இருக்கிறது. குஞாதோ, மரிதோ (கணவன்) இரண்டிலும் வருவது ‘அது’வின் ‘து’தான். தலையில் அலைக்குறி போட்ட n எழுத்துக்கு நம் ‘ஞ’ அப்படியே பொருந்தும்; ‘குன்யாடோ’ என்று அட்டையில் இருப்பதை அடித்துவிட்டு ‘குஞாதோ’ என்று எழுதிக்கொள்ளுங்கள். எர்மானோவுக்கு முன்னால் எழுத்தில் ஒரு ஹகரம் நிற்கும், வாயில் வராது. அட்டையில் ‘ஹெர்மானோ’. ஆனால் மகனுக்கான இஹோவில் நடுவில் வருவது தொண்டையிலிருந்து வரும் அழுத்தமான ஹகரம், அதை விழுங்கக் கூடாது.

அழுத்தம் மாறினால் பொருள் மாறும் என்பதற்குப் பெட்டியில் உள்ள ஒரே அட்டை பப்பா. கடைசி எழுத்தை அழுத்தினால் அப்பா. முதல் எழுத்தை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, எங்கும் போப்பாண்டவர். நல்ல அட்டை. பக்கத்திலேயே மமாவுக்கும் ஒன்று போட்டிருக்கலாம். தமிழர் ‘மாமா’ பழக்கத்தில் முதல் எழுத்தை அழுத்திவிடுவார்கள். அழுத்தம் அங்கே விழுந்தால் அம்மா என்பது போய் மார்பகம் என்றாகிவிடும்.

இந்தப் பெட்டியில் காசு கொடுத்ததற்கு மதிப்பானவை 18 வாக்கிய அட்டைகள். அதிலும் ஒரு ஜோடி அருமை: ‘புஸ்கோ காசா’, ‘புஸ்கோ ஆ மி எர்மானோ’. வீடு தேடுகிறேன், அண்ணனைத் தேடுகிறேன். ஸ்பானிஷில் குறிப்பிட்ட ஒரு மனிதர் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் ஒரு ‘ஆ’ வர வேண்டும். ஆங்கிலத்திலிருந்து போகிறவர்கள் இதில் வருடக்கணக்கில் தடுமாறுவார்கள். தமிழருக்கு விதியே வேண்டாம். ‘வீடு தேடுகிறேன்’ என்போம், ‘அண்ணன் தேடுகிறேன்’ என்று சொல்ல மாட்டோம். அங்கே ‘ஐ’ தானாக வந்து ஒட்டும். அந்த ‘ஐ’ கட்டாயம் வருகிற மனிதர்களுக்கெல்லாம் ‘ஆ’ போடுங்கள், பத்தில் ஒன்பது சரியாக வரும். விலக்கு ஒன்று, உண்டு என்கிற பொருளில் வரும் ‘தெங்கோ’. ‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’ என்பதில் ‘ஆ’ கிடையாது. அட்டை இந்த விலக்கையும் சிறு எழுத்தில் சொல்லியிருக்கிறது. புத்தகமோ இந்த இடத்தில் ‘செயப்படுபொருள் முன்னிடைச்சொல்’ என்று அரைப் பக்கம் பாடம் நடத்துகிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

அதே ‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’ அட்டைக்கு ‘எனக்கு இரண்டு சகோதரர்கள்’ என்று மட்டும் தமிழ் போட்டது குறை. ஆண்பால் பன்மை கலப்புப் பன்மையும் ஆகும். ஓர் அண்ணனும் ஒரு தங்கையும் இருந்தாலும் தோஸ் எர்மானோஸ்தான். பாத்ரேஸ் என்றால் பெற்றோர், அபுவேலோஸ் என்றால் தாத்தா பாட்டி, இஹோஸ் என்றால் பிள்ளைகள். சுற்றுலாப் பயணி ‘தியேனே இஹோஸ்?’ என்று கேட்டால் பையன் இருக்கிறானா என்று கேட்கவில்லை, பிள்ளைகள் உண்டா என்று கேட்கிறார்.

‘சு மாத்ரே’ அட்டை அவசரத்தில் போட்டது போலத் தெரிகிறது. ‘அவனுடைய அம்மா’ என்று ஒரே பொருள்தான் கொடுத்திருக்கிறது. அவள் அம்மா, அவர்கள் அம்மா, உங்கள் அம்மா எல்லாமே சு மாத்ரே. குழப்பம் வருகிற இடத்தில் ‘லா மாத்ரே தே எல்’ என்று அவனைத் தனியே பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றுக்கொன்று குழம்புகிற சொற்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பது பயனுள்ளது. கசாதா கல்யாணமானவள், கன்சாதா களைத்துப்போனவள். எஸ்போசா மனைவி, பன்மையாக எஸ்போசாஸ் என்றால் மனைவிகள், கைவிலங்கும் அதுவே. எம்பரசாதா என்றால் வெட்கப்படுகிறவள் என்று ஆங்கிலம் தெரிந்தவர் நினைப்பார், கர்ப்பிணி என்று பொருள். பரியென்தேஸ் உறவினர்கள், பெற்றோர் அல்ல. பாத்ரே என்ற சொல்லுக்கு எதிரே பாதிரியார் படம் போட்டு, போர்ச்சுகீசியச் சொல் வழியாகத் தமிழுக்கு வந்ததை ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்கள். வேளாங்கண்ணிக்குப் போய்வருகிற ஊரில் அந்த ஒரு வரி மறக்காது.

குடும்பப்பெயர்ப் பக்கமும் சரியாக இருக்கிறது. ஸ்பானிஷ் பெயருக்குப் பின் இரண்டு குடும்பப்பெயர்கள் வரும், வழக்கப்படி முதலாவது அப்பா வழி, இரண்டாவது அம்மா வழி. கல்யாணமானாலும் பெண்ணின் பெயர் மாறாது. காப்ரியேல் கார்சியா மார்க்கேசை நம் வாசகர்கள் ‘மார்க்கேஸ்’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அது அவருடைய அம்மா வீட்டுப் பெயர். ஸ்பானிஷ் நூலகத்தில் கார்சியாவில்தான் தேட வேண்டும்.

ஒலிப்பதிவில் பேசுகிறவர் மெக்சிகோ உச்சரிப்பில் பேசுகிறார். பயிற்சிப் புத்தகமோ ‘நீங்களெல்லாம்’ என்பதற்கு ஸ்பெயினில் புழங்கும் வொசோத்ரோசை வைத்து நடத்துகிறது. லத்தீன் அமெரிக்காவில் உஸ்தேதேஸ் மட்டுமே. ஒரே பெட்டிக்குள் இரண்டு நாட்டு வழக்கு. தேர்வு எழுதுகிறவர்கள் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பதிவின் வேகமும் கொஞ்சம் அதிகம், செல்போனில் முக்கால் வேகத்தில் வைத்துக் கேட்டால் தெளிவாக இருக்கும்.

அட்டைகளின் தரம் சுமார். முன்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பின்பக்கத் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், முன்பக்கம் விரியாது, அட்டை வில்லாக வளையும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்காமல் வைத்தால் தப்பிக்கும்.

பழகுவதற்குப் புத்தகம் தினமும் 20 அட்டைகள் என்கிறது. அது அதிகம். புதிதாக எட்டுப் போதும். தெரிந்ததை மறுநாளும், பிறகு மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் திரும்பப் பார்க்க வேண்டும். தவறியது மறுபடி முதல் கட்டுக்கு வர வேண்டும். புத்தகத்தின் கடைசியில் இருக்கிற குடும்ப மரத்தை விட்டுவிட்டு, வீட்டில் கிடக்கிற ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டால் பயிற்சி நன்றாக ஏறும். ‘இன்னாரின் பேத்தியும், இன்னாரின் மூத்த குமாரத்தியுமான’ என்ற வரி ‘நியேத்தா தே இன்னார், இஹா மயோர் தே இன்னார்’ என்றாகும். தமிழில் பெயர் முதலில், உறவு பின்னால். ஸ்பானிஷில் உறவு முதலில், ‘தே’ நடுவில், பெயர் கடைசியில். தாய்மாமன் பெயர், சம்பந்தி வீட்டார், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று கீழே அடுக்கியிருக்கும் மச்சினன் மச்சினிகள் வரை ஒரு பத்திரிகையை முடித்தால், பெட்டியில் உள்ளதும் இல்லாததும் ஒரு சுற்று வந்துவிடும்.

அந்த ஆறு வெற்று அட்டைகளுக்கு வேலை தயாராக இருக்கிறது: சம்பந்தி, சம்பந்தியம்மா, சகலை, ஓர்ப்படி, தாய்மாமன், அத்தை. லேமினேஷன் இல்லாத பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். வழவழப்பான பக்கத்தில் எழுதினால் மை ஒட்டாமல் விரலோடு வந்துவிடும்.